களஞ்சியமும் திறவுகோலும்

சம்பா என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே தமிழர் நெஞ்சில் தோன்றுவது நெல்லேயாகும். வடசிலாங்கூரில் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வட்டாரங்களின் பசிய வயல்களைக் கண்டு வளரும் மாணவர்க்கும் அப்பொருளே முதற்கண் தோன்றும். ஆயினும், கணினித் துறையிலும் சம்பா என்றொரு மென்பொருள் உண்டு. நெல்லைச் சேர்த்து வைக்கும் களஞ்சியத்தைப் போலக் கோப்புகளைச் சேர்த்து வைத்து, உரிமை உடையோர்க்கு வேண்டும்போது எடுத்து வழங்குவது அதன் பணி. அதன் பெயர் நெல்லிலிருந்து வந்ததன்று. செய்யும் தொழிலால் மட்டும் இரண்டும் நெருங்கி நிற்கின்றன.

அந்தக் களஞ்சியத்தை ஆள்வோர்க்கெனப் பின்னாளில் ஓர் எளிய வாயில் அமைக்கப்பட்டது. அதன் பெயர் சுவாட். இணையப் பக்கங்களைக் காண உதவும் உலாவியின் வழியாகவே களஞ்சியத்தின் ஒழுங்குகளை மாற்றியமைக்க உதவிய கருவி அது. 1999-ஆம் ஆண்டில் உலகுக்கு வந்தது. 2013-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த ஒரு சிறு கருவியின் வரலாற்றைத் தமிழாசிரியரும் மாணவரும் அறிய வேண்டுவது ஏன் என்னும் வினா எழலாம். அக்கருவி மறைந்தபோது களஞ்சியம் அதனோடு மறையவில்லை. ஆனால், தமிழில் தட்டச்சிடப்பெற்ற கோப்புகள் பல, அவற்றை உருவாக்கிய எழுத்துருக்கள் மறைந்தபோது தாமும் படிக்க இயலாதனவாயின. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஏன் வேறுபட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டத்து ஏடு

கோலசிலாங்கூரிலிருந்து சிலாங்கூர் ஆற்றை ஒட்டி உள்நோக்கிச் செல்வோர் கம்போங் குவாந்தானை அடைவர். கரையோரப் பெரெம்பாங் மரங்களில் இரவுதோறும் ஒருசேர மின்னும் மின்மினிகளால் உலகோர் அறிந்த ஊர் அது. அதனைச் சூழ்ந்த வட்டாரத்தின் வரலாறு, பெரும்பகுதி தோட்டங்களின் வரலாறேயாகும். 1917-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான ஆன்றி ஃபோக்கோனியே, கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தெனமாரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிக எண்ணெய்ப்பனைப் பயிரீட்டைத் தொடங்கினார். மலாயா வாழ்வைப் பொருளாகக் கொண்டு அவர் எழுதிய நாவல் 1930-ஆம் ஆண்டில் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்கள் பள்ளி நடத்துதல் வேண்டும் என விதித்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல தோன்றுவதற்கு அவ்விதியே வழிவகுத்தது.

அத்தோட்டங்களில் ஆட்சி நடந்த முறையை நினைவிற் கொள்வது நம் பொருளுக்கு உதவும். விடியற்காலையில் பெரட்டு நடைபெறும். யார் வந்தார், யார் வரவில்லை என்பது செக்ரோல் ஏட்டில் பதிவாகும். மண்வெட்டி, கத்தி, வாளி முதலியன ஸ்டோரில் இருக்கும். ஸ்டோரின் சாவி கிராணியாரிடமோ அவரால் நம்பப்பட்டவரிடமோ இருக்கும். ஆக, பொருள் ஒன்று. அப்பொருள் யாருக்கு உரியது, யார் எடுக்கலாம் என்பதைச் சொல்லும் ஏடு மற்றொன்று. கதவைத் திறக்கும் சாவி பிறிதொன்று. இம்மூன்றும் வெவ்வேறானவை. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்க்குக் கணினிக் களஞ்சியத்தின் அமைப்பும் எளிதில் விளங்கும்.

மற்றோர் உண்மையையும் ஈண்டுக் குறித்தல் தகும். தோட்டத்துக் கணக்கேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பால்வெட்டியவரும் குலை அறுத்தவரும் தம் உழைப்பின் கணக்கையே தாம் படிக்க இயலாத எழுத்தில் விட்டு வைத்தனர். சாவி யாரிடம் இருந்தது என்பதைவிட, ஏடு எந்த எழுத்தில் இருந்தது என்பதே அவர்தம் வாழ்வைப் பெரிதும் பாதித்தது எனலாம். கணினி உலகிலும் இவ்வினா வேறு வடிவில் எழுந்தது.

சம்பா பிறந்த வரலாறு

தனித்தனியாக இயங்கிய கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முயற்சி 1980-களில் விரைவாக வளர்ந்தது. ஒரு கணினியில் உள்ள கோப்பை மற்றொரு கணினியில் இருப்பவர் தம் கோப்பே போலத் திறந்து பயன்படுத்துதல் வேண்டும். அதற்கு இரு கணினிகளும் ஒரே முறையில் வினவவும் விடையளிக்கவும் வேண்டும். அத்தகைய உரையாடல் ஒழுங்கை நெறிமுறை என்பர். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய பாரி ஃபைகன்பாம் 1980-களின் தொடக்கத்தில் அவ்வகை நெறிமுறை ஒன்றை வகுத்தார். அது எஸ்.எம்.பி. எனப்பட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதனை மேற்கொண்டு வளர்த்துத் தன் விண்டோஸ் அமைப்புகளில் பயன்படுத்தியது. பல்கலைக்கழகங்களில் வழங்கிய யூனிக்ஸ் கணினிகளோ வேறு நெறிமுறையைக் கையாண்டன. எனவே, ஓரறையில் அருகருகே இருந்த இருவகைக் கணினிகளும் ஒன்றையொன்று அறியாத அயலாராகவே இருந்தன.

இந்நிலையை மாற்றியவர், ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிஜெல். 1991-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஒரு முயற்சியில் ஈடுபட்டார். டிஜிட்டல் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் என்னும் மென்பொருள் பேசும் நெறிமுறையின் விளக்கம் அவர் கைக்குக் கிட்டவில்லை. ஆகவே, கணினிகளுக்கிடையே செல்லும் செய்திப் பொட்டலங்களை உற்று நோக்கினார். இக்கேள்விக்கு இவ்விடை வருகின்றது, இக்கட்டளைக்கு இச்செயல் நிகழ்கின்றது என ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். அறியாத மொழி பேசும் ஊரில் உணவகத்தில் அமர்ந்து, அயலார் கேட்பதையும் பெறுவதையும் கவனித்தே அம்மொழியைக் கற்பது போன்றது இம்முறை என்று அவரே பின்னர் விளக்கியுள்ளார். 1992-ஆம் ஆண்டு சனவரியில் அவர் தம் நிரலை வெளியிட்டார். தாம் கற்றது எஸ்.எம்.பி. என்னும் பொது நெறிமுறையே என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

ஏறக்குறைய இரண்டாண்டுகள் அந்நிரல் ஒதுங்கிக் கிடந்தது. 1993-ஆம் ஆண்டின் இறுதியில் தம் இல்லத்துக் கணினிகளை இணைக்க விரும்பியபோது டிரிஜெல் மீண்டும் அதனைக் கையிலெடுத்தார். அப்போது அது எஸ்.எம்.பி. சர்வர் என்ற பெயரால் வழங்கியது. அப்பெயர் தமக்கு உரியது என ஒரு நிறுவனம் அறிவிக்கவே, 1994-ஆம் ஆண்டில் புதுப் பெயர் தேட நேர்ந்தது. கணினியில் இருந்த சொற்பட்டியலில் எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் அவ்வரிசையிலே வரும் சொற்களை அவர் தேடினார். அகப்பட்ட சிலவற்றுள் சம்பா என்னும் நடனத்தின் பெயரும் ஒன்று. அதுவே நிலைத்தது.

சம்பா யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய மூல நிரலாக வெளியிடப்பட்டது. பல நாட்டு அறிஞரும் அதில் பங்கேற்றனர். நெறிமுறையின் முழு விளக்கம் நெடுங்காலம் மறைவாகவே இருந்தமையால், அவர்கள் கேட்டுக் கேட்டே கற்க நேர்ந்தது. இம்மறைவு ஐரோப்பிய நாடுகளில் வழக்காகவும் எழுந்தது. 2004-ஆம் ஆண்டு மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் நெறிமுறை விளக்கங்களைப் பிறர்க்கு அளித்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2007-ஆம் ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில், சம்பா குழுவினரின் பொருட்டு ஓர் அறநிறுவனம் 10,000 யூரோ செலுத்தி அவ்விளக்கங்களைப் பெற்றது. பதினைந்து ஆண்டுகள் காதால் கேட்டுக் கற்ற மொழியின் இலக்கணம் அன்றுதான் அவர்கள் கைக்கு வந்தது.

சுவாட் என்னும் வாயில்

சம்பாவின் ஒழுங்குகள் யாவும் ஒரே ஏட்டில் எழுதப்படும். அது சாதாரண எழுத்துகளால் ஆன ஒரு கோப்பு. அதில் சதுர அடைப்புக்குள் ஒவ்வொரு பகிர்வின் பெயரும் இருக்கும். அதன் கீழே, அக்கோப்புறை எவ்விடத்தில் உள்ளது, யார் நுழையலாம், நுழைந்தவர் படிக்க மட்டுமே உரிமை உடையவரா, எழுதவும் உரிமை உடையவரா என்பன ஒவ்வொரு வரியாக இடம்பெறும். தேர்வுத் தாள்கள் அடங்கிய கோப்புறையைத் தலைமையாசிரியர் மட்டும் திறக்கலாம். பாடக் குறிப்புகளை எல்லா ஆசிரியரும் படிக்கலாம். மாணவர் படைப்புகளுக்கான கோப்புறையில் மாணவரும் எழுதலாம் என்றவாறு ஒரு பள்ளியின் ஒழுங்கை முழுவதும் அதில் எழுதிவிட இயலும்.

ஆயின், அவ்வேட்டில் எழுதத்தக்க விதிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஓரெழுத்துப் பிழைத்தாலும் விதி பயனற்றுப் போகும். யூனிக்ஸ் பயிற்சி இல்லாதவர் அதனை அணுக அஞ்சினர். அவ்வச்சத்தைப் போக்க டிரிஜெல் 1997, 1998-ஆம் ஆண்டுகளில் உருவாக்கியதே சுவாட். சம்பா இணைய ஆட்சிக் கருவி என்னும் பொருள் தரும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ஆன சொல் அது. 1999-ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த சம்பா 2.0 பதிப்புடன் அது வழங்கப்பட்டது.

இதற்கு வேண்டிய சூழல் அதற்கு முன்பே உருவாகியிருந்தது. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989-ஆம் ஆண்டில் முன்மொழிந்த வையவிரிவு வலை 1991-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1993-ஆம் ஆண்டில் வந்த மொசைக் உலாவி, படங்களும் எழுத்தும் கலந்த பக்கங்களை எளியோர்க்கும் காட்டியது. பெட்டிகளில் விடையை நிரப்பி அனுப்பும் படிவங்களும் வலைப்பக்கங்களில் இடம்பெறலாயின. உலாவி இல்லாத கணினி அரிதாயிற்று. ஆகவே, களஞ்சியத்தை ஆளத் தனிக் கருவி தேவையில்லை. உலாவியே போதும் என்னும் எண்ணம் பிறந்தது.

சுவாட்டின் இயக்கம் எளியது. களஞ்சியக் கணினியில் 901 என்னும் எண்ணுள்ள வாயிலில் அது காத்திருக்கும். ஆட்சியாளர் தம் இருக்கையிலுள்ள உலாவியில் அக்கணினியின் முகவரியையும் அவ்வெண்ணையும் எழுதினால், பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அவை சரியாயின் பக்கம் திறக்கும். பொது விதிகள், பகிர்வுகள், அச்சுப்பொறிகள், நடப்பு நிலை, ஏட்டின் முழுப் பார்வை, கடவுச்சொல் மாற்றம் எனத் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. ஒவ்வொரு விதியின் பக்கத்திலும் விளக்கத்திற்கு ஓர் இணைப்பு இருந்தது. நூலும் அகராதியும் ஒருங்கே திறந்து வைக்கப்பட்ட மேசை போல அது பயிற்சியாளர்க்கு உதவியது. பிற்காலப் பதிப்புகளில் உலாவியின் மொழி விருப்பத்தை அறிந்து ஜப்பானியம், ஜெர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளில் அறிவிப்புகளைக் காட்டும் வசதியும் சேர்ந்தது. கற்றறிந்த சிலருக்கே உரியதாய் இருந்த பணியை, கற்க விரும்பும் பலருக்கும் உரியதாக்கியது சுவாட்டின் சிறப்பு. அதனை எவரும் மறுத்தற்கில்லை.

மூலம் நிற்க உரை மறைந்தது

எளிமைக்கு ஒரு விலையும் இருந்தது. ஏட்டைக் கையால் எழுதுவோர் விதிகளுக்கு இடையே குறிப்புகளையும் எழுதி வைப்பர். இவ்விதி இன்ன நாளில் இன்ன காரணத்தால் சேர்க்கப்பட்டது. இதனை மாற்றினால் அச்சுப்பொறி இயங்காது என்பன போன்ற குறிப்புகள் அவை. கணினி அவற்றைப் படிப்பதில்லை. மனிதர்க்காகவே மனிதர் எழுதுபவை. சுவாட் ஏட்டைத் திருத்திச் சேமிக்கும்போது விதிகளை மட்டும் புதிதாக எழுதியது. குறிப்புகள் யாவும் நீங்கின. விதிகளின் வரிசையும் மாறியது. இவ்வியல்பைச் சம்பாவின் கையேடுகளே எச்சரிக்கையாகக் குறிப்பிட்டன.

தமிழாசிரியர்க்கு இதன் இழப்பு எளிதில் புரியும். ஓலைச்சுவடிகள் பெயர்த்து எழுதப்பட்டே காலந்தோறும் காக்கப்பட்டன. பெயர்த்தெழுதியவர் மூலத்தை மட்டும் எழுதி உரையை விட்டால், அடுத்த தலைமுறைக்குச் செய்யுள் கிடைக்கும். அதன் பொருள் கிடைப்பது அரிதாகும். 1887-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். மூலத்தோடு உரையையும் சேர்த்துத் தேடியதில் அவர் பட்ட பாடு தமிழுலகம் அறிந்தது. கணினி ஏட்டின் குறிப்பு, சிந்தாமணி உரைக்கு நிகராகாது. ஆயினும், ஏன் என்னும் வினாவுக்கு விடை சொல்லும் பகுதி அழிந்தால், எஞ்சியதைக் காப்பவர் கண்கட்டப்பட்டவர் ஆவார் என்னும் உண்மை இரண்டிற்கும் பொதுவாகும்.

வாயிலில் நேர்ந்த ஓட்டைகள்

இரண்டாவது விலை பாதுகாப்பைப் பற்றியது. களஞ்சியத்தை முழுமையாக ஆளும் உரிமை உடையவரின் கடவுச்சொல்லே சுவாட்டின் சாவியாக இருந்தது. தனி ஏற்பாடு செய்யாவிடின் அக்கடவுச்சொல் மறைபொருளாக்கப்படாமலே கம்பிவழிச் சென்றது. டிரிஜெல் ஒரு காலத்தில் செய்திப் பொட்டலங்களை உற்று நோக்கி நெறிமுறையைக் கற்றார் அல்லவா? அவ்வாறே தீய எண்ணம் உடையவர் உற்று நோக்கினால் சாவியையே கற்றுக்கொள்ளலாம். இதனால், சில லினக்ஸ் வெளியீட்டாளர்கள் சுவாட்டை மூடிய நிலையிலேயே வழங்கினர். அந்தக் கணினியின் முன்னே அமர்ந்திருப்பவர் மட்டும் திறக்குமாறும் கட்டுப்படுத்தினர்.

மேலும் குறைகள் காலந்தோறும் வெளிப்பட்டன. 2004-ஆம் ஆண்டு சூலையில், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பகுதியிலேயே ஒரு பிழை கண்டறியப்பட்டது. உள்ளே நுழைய உரிமை இல்லாதவரும் அதனைப் பயன்படுத்தித் தீங்கு செய்ய வழியிருந்தது. 2011-ஆம் ஆண்டில் வேறு வகைக் குறைகள் இரண்டு தெரியவந்தன. ஆட்சியாளர் சுவாட்டில் நுழைந்த நிலையில் தீய பக்கம் ஒன்றையும் திறந்தால், அப்பக்கம் அவர் அறியாமலே அவர் பெயரால் கட்டளை அனுப்ப முடிந்தது. 2013-ஆம் ஆண்டு சனவரி இறுதியில் அத்தகைய குறைகள் மீண்டும் திருத்தப்பட்டன. இவை உலாவி வழியாக ஆட்சி செய்யும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான நோய்கள். உலாவி நல்ல பக்கத்தையும் தீய பக்கத்தையும் ஒரே மேசையில் திறந்து வைக்கின்றது. அதுவே அதன் வசதியும் இடரும் ஆகும்.

இதற்கு மற்றொரு சான்று வெப்மின். ஜேமி கேமரன் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட அக்கருவியும் உலாவி வழியாகக் கணினியை ஆள உதவுவதே. சம்பாவை ஒழுங்குபடுத்தும் பகுதியும் அதில் உண்டு. 2018-ஆம் ஆண்டில் யாரோ ஒருவர் அதன் தொகுப்புக் கணினியில் புகுந்து ஒரு கள்ளவழியை வைத்துவிட்டனர். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் அது வெளிப்பட்டுக் களையப்பட்டது. அக்கருவி இன்றும் பேணப்பட்டு வருகின்றது. குறை நேர்ந்ததும் திருத்தும் கை ஒன்று அதற்கு இருந்தது. சுவாட்டிற்கு அக்கை இல்லாமற் போயிற்று.

காப்பாளர் இல்லாத கருவி

2013-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சம்பா குழுவினர் ஒரு முடிவுக்கு வந்தனர். சம்பா மிகப் பெரிதாக வளர்ந்துவிட்டது. 2012-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 4.0 பதிப்பு, முழு நிறுவனத்தின் பயனர்களையும் ஆளும் திறம் பெற்றிருந்தது. ஆனால், குழுவில் இணையப் பக்கக் கலையில் தேர்ந்து சுவாட்டைப் பொறுப்பேற்கக் கூடியவர் ஒருவரும் இல்லை. குறை வெளிப்படும் போதெல்லாம் வேறு பணியில் இருந்தவர்கள் ஒட்டுப்போட்டனர். காப்பாளர் இல்லாத வாயிலைத் திறந்து வைப்பது ஊரார்க்குச் செய்யும் உதவி ஆகாது. 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த 4.1 பதிப்பில் சுவாட் நீக்கப்பட்டது. பல்லாயிரவர் எளிதாகப் பயன்படுத்தட்டும் என்று செய்த கருவி, தன்னைக் காக்க ஒருவர் இல்லாமையால் முடிந்தது.

அதன் பின்னர் நடந்தது என்ன? களஞ்சியங்கள் இயங்கின. ஏடு சாதாரண எழுத்தில் இருந்தமையால், எந்த எழுத்துத் தொகுப்பானிலும் அதனைத் திறக்க முடிந்தது. வேறு கருவியை விரும்பியவர் வேறு கருவியால் அதே ஏட்டைத் திருத்தினர். சுவாட் திறவுகோல், ஏடு அன்று. திறவுகோலைச் செய்தவர் ஏட்டைத் தம் கருவிக்குள் பூட்டி வைக்கவில்லை. இவ்வொரு நற்செயலே பயனர்களைக் காத்தது. கருவியின் நற்பண்பை அது இயங்கும் நாளில் அளக்க இயலாது. அது மறைந்த மறுநாளில்தான் அளக்க இயலும்.

தமிழ்க் கோப்புகளின் கதை

இனித் தமிழுக்கு வருவோம். சிலாங்கூரின் கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1980-களில் உருவாக்கிய முரசு போன்ற மென்பொருள்களால் தமிழர் கணினியில் தமிழை எழுதத் தொடங்கினர். அக்காலத்துக் கணினி எழுத்துகளை எண்களாகவே அறிந்தது. ஓர் எழுத்துருவில் இருக்கக் கூடிய இடங்கள் 256 மட்டுமே. ஆங்கிலத்துக்கோ ஐரோப்பிய மொழிகளுக்கோ உரிய இடங்களில் தமிழெழுத்துகளை அமர்த்துவதே அன்றைய வழி. எந்த எழுத்தை எவ்விடத்தில் அமர்த்துவது என்பதை ஒவ்வோர் எழுத்துருவாளரும் தம் விருப்பப்படி முடிவு செய்தனர். ஓர் எழுத்துருவில் அகரம் இருந்த இடத்தில் மற்றோர் எழுத்துருவில் ணகரம் இருக்கலாம். எழுத்துரு இருக்கும்வரை கோப்பு தமிழாகத் தெரியும். எழுத்துரு போனால் அதே கோப்பு பொருளற்ற குறிகளின் குவியலாகும்.

இக்குழப்பத்தை நீக்கப் பலரும் முயன்றனர். 1997-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999-ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டரசு தாம், தாப் ஆகிய குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. அறிஞர் பலர் இணையத்திலே கலந்துரையாடித் திஸ்கி என்னும் குறியீட்டை வகுத்தனர். 2001-ஆம் ஆண்டு மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி எண் வழங்கிய யூனிகோடு 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கும் இடம் தந்திருந்தது. அது பரவலாக வழக்கிற்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேலாயின. 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசும் அதனை ஏற்றது.

சம்பாவின் வரலாறும் இவ்விடத்தில் நம் மொழியோடு வந்து சேர்கின்றது. சம்பா 3.0 பதிப்பு 2003-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. கணினிகளுக்கிடையே கோப்பின் பெயரை யூனிகோடாக அனுப்பும் ஆற்றலை அதுவே முதலில் பெற்றது. அதற்கு முன்னர் அமெரிக்க, ஐரோப்பிய எழுத்து வரிசைகளை முதன்மையாகக் கொண்ட பழைய குறிப்பட்டியல்களின் வழியே பெயர்கள் மாற்றப்பட்டன. அங்கே தமிழுக்கு இடமில்லை. 2003-க்குப் பின்னரே, திருக்குறள் என்று தமிழில் பெயரிடப்பெற்ற கோப்பு அப்பெயருடனேயே சம்பாக் களஞ்சியத்தில் வாழ முடிந்தது.

பழைய குறியீடுகளில் இருந்த தமிழ்க் கோப்புகள் எல்லாம் ஒரே கதியை அடையவில்லை என்பதும் நோக்கத்தக்கது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கியது. தமிழிலக்கியங்களைத் தன்னார்வலர் தட்டச்சிட்டு உலகெங்கும் இலவசமாக வழங்கினர். திஸ்கியில் இருந்த அந்நூல்கள் பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. திஸ்கியின் அட்டவணை மறைவின்றி வெளியிடப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம். எந்த எண் எந்த எழுத்து என்று தெரிந்தால் மாற்றுவது எளிது. அட்டவணை வெளியிடப்படாத எழுத்துருக்களில் இருந்த விழா மலர்களுக்கும் பள்ளி இதழ்களுக்கும் அந்நற்பேறு எளிதில் வாய்க்கவில்லை. சுவாட் மறைந்தும் சம்பாவின் ஏடு நின்றதும், எழுத்துரு மறைந்தபோது தமிழ்க் கோப்பு வீழ்ந்ததும் ஒரே விதியின் இரு முகங்களாகும். பலரும் படிக்கத்தக்க வடிவில் இருந்தது வாழ்ந்தது. ஒரு கருவி மட்டுமே படிக்கத்தக்கது அக்கருவியோடு போயிற்று.

பள்ளிகளுக்கு உரிய பாடம்

மலேசியாவில் 1999-ஆம் ஆண்டு முதல் 2002-ஆம் ஆண்டு வரை 88 பள்ளிகளில் விவேகப் பள்ளித் திட்டம் முன்னோட்டமாக நடைபெற்றது. 2004-ஆம் ஆண்டு சூலையில் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் அறிவிக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒன் பெஸ்தாரிநெட் திட்டத்தின் வழியாகப் பள்ளிகளுக்கு இணையத் தொடர்பும் ஃபிராக் என்னும் கற்றல் தளமும் வந்தன. அத்திட்டம் 2019-ஆம் ஆண்டில் முடிவுற்றது. பள்ளிகள் கூகுள் வகுப்பறைக்கு மாறின. 2020-ஆம் ஆண்டில் டெலிமா தளம் தொடங்கப்பட்டது. ஏறக்குறைய இருபதாண்டுகளில் வாயில்கள் எத்தனை முறை மாறின என்பதை இது காட்டும். இது எவரையும் குறை கூறுவதற்கன்று. வாயில் மாறுவது காலத்தின் இயல்பு. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆசிரியர் தயாரித்த பாடமும் மாணவர் எழுதிய கட்டுரையும் உடன் வந்தனவா என்பதே வினா.

இன்று பள்ளிக் கோப்புகள் பெரும்பாலும் தொலைவிலுள்ள களஞ்சியங்களில் இருக்கின்றன. ஆசிரியர் உலாவியைத் திறந்து அவற்றை ஆள்கின்றார். சுவாட் காட்டிய வழி உலகப் பொதுவழக்காகிவிட்டது. ஆனால், சுவாட்டின் அடியில் எவரும் படிக்கத்தக்க ஏடு ஒன்று இருந்தது. இன்றைய வாயில்களின் அடியிலும் அவ்வாறு ஒன்று இருக்குமாறு பார்த்துக்கொள்வது பயன்படுத்துவோர் கடமையாகும்.

வடசிலாங்கூரின் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கு இது வெறும் கணினிப் பாடமன்று. தோட்டம் கைம்மாறும்போதும் மக்கள் நகர்ப்புறம் பெயரும்போதும் சிற்றூர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் ஆண்டு மலரும் நிழற்படமும் அவ்வட்டார மக்களின் வரலாற்றுச் சான்றுகளாக எஞ்சுகின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றுவோர் மூன்றினை மறத்தலாகாது. முதலாவது, எழுத்து யாவும் யூனிகோடில் இருத்தல் வேண்டும். எளிய உரைக்கோப்பாக ஒரு படியும் வைத்தல் வேண்டும். இரண்டாவது, எது எப்போது யாரால் பதிவு செய்யப்பட்டது என்னும் குறிப்பு அக்கோப்புடனேயே இருத்தல் வேண்டும். மூலம் நின்று உரை மறையும் நிலை மீண்டும் வரலாகாது. மூன்றாவது, படிகள் பல இடங்களில் இருத்தல் வேண்டும். திறவுகோலை அறிந்தவரும் ஒருவராக மட்டும் இருத்தலாகாது. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் இருந்தன. 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களைப் படியெடுத்து எல்லார்க்கும் வழங்கி வருகின்றது.

முடிவுரை

ஒரு மாணவர் ஆறு மாதம் முயன்று கற்கத்தக்க கருவியைப் பள்ளிகள் ஆண்டுதோறும் அறிமுகப்படுத்துகின்றன. அக்கருவியின் பொத்தான்களைக் கற்பிப்பதோடு ஆசிரியர் பணி நிறைவுறுவதில்லை. பொருள் எது, ஏடு எது, திறவுகோல் எது என்று பிரித்தறியும் அறிவைக் கற்பித்தல் வேண்டும். அவ்வறிவு பெற்ற மாணவர் எந்தப் புதுக் கருவியைக் கண்டாலும் மயங்கார். இது நாளை மறைந்தால் என் எழுத்து எனக்குக் கிடைக்குமா என்று முதலில் கேட்பார்.

தம் உழைப்பின் கணக்கைத் தாமே படிக்க இயலாதிருந்த தலைமுறையின் வழித்தோன்றல்கள் இன்று தம் எழுத்தைத் தம் மொழியிலேயே உலகக் களஞ்சியங்களில் சேர்க்கின்றனர். இது சிறிய முன்னேற்றம் அன்று. அதைக் காப்பதற்குப் பெரும்பொருள் வேண்டா. யாவரும் படிக்கத்தக்க ஏடும், பொறுப்பேற்கும் இருவர் மூவரும் இருந்தால் போதும். சுவாட்டின் சிறிய வரலாறு தமிழ்ப் பள்ளிகளுக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.